பச்சை தின்ற பக்கம்

அந்த நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது. அதற்கு முன் பதினாறு வருடங்கள் ரொறன்ரோவின் வடக்கு விளிம்பில் உள்ள மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் இருந்த ஸ்ரூடியோவில் படம் கழுவினேன். கலியாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை, செத்தவீடு என்று எல்லாம் என் கையால் போனவை. எல்லோரும் தொலைபேசியிலேயே படம் எடுக்கத் தொடங்கியதும் ஸ்ரூடியோ மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் கொத்துரொட்டிக் கடை இருக்கிறது. முதலாளி தந்த நற்சான்றுக் கடிதத்தில், எனக்கு நிறம் பார்க்கும் கண் இருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை வைத்துத்தான் ரொறன்ரோ நடுநகரில் உள்ள பழைய நூல்களுக்கான நூலகத்தில் என்னை எடுத்தார்கள். ஒரு வருட ஒப்பந்தம். புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் பிரிவு.

வேலை கடினமானதல்ல. சாய்வான இரண்டு பலகைகள் சேர்ந்த ஒரு தாங்கி இருக்கும். அதைத் தொட்டில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். புத்தகத்தை அதில் பாதி திறந்தபடி வைப்பேன். மேலே இடப்பக்கத்துக்கு ஒரு கமரா, வலப்பக்கத்துக்கு ஒரு கமரா. மெல்ல ஒரு கண்ணாடியை இறக்கிப் பக்கங்களைச் சமப்படுத்திவிட்டுக் காலால் மிதியை அழுத்தினால் படம் விழும். கண்ணாடியை உயர்த்தித் தாளைத் திருப்பி மறுபடியும் இறக்க வேண்டும். இதையே நாள் முழுவதும் செய்வேன். அறையில் ஜன்னல் கிடையாது. எனக்கு அது பழகியதுதான். படம் கழுவும் இருட்டறையிலும் ஜன்னல் இருந்ததில்லை.

ஒக்ரோபர் மாதத்தில் அந்தப் பறவைப் புத்தகம் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எங்கோ அச்சானது. கோயிலில் வாசகம் வாசிக்கிற பெரிய வேதாகமத்தைப்போல இரண்டு மடங்கு பாரம். தனக்குத் தெரிந்த எல்லாப் பறவைகளையும் ஒரே இடத்தில் எழுதி வைக்க நினைத்த ஒரு வைத்தியர் இலத்தீனில் எழுதியது என்று பிரிவின் தலைவர் சொன்னார். எனக்கு இலத்தீன் தெரியாது. நான் பார்த்தது படங்களை மட்டுமே.

அந்தப் படங்கள் எப்படி உண்டாயின என்பதை, புத்தகத்தோடு வந்த குறிப்புத் தாளில் வாசித்தேன். ஒருவர் தாளில் பறவையை வரைந்தார். இன்னொருவர் அந்தக் கோடுகளை மரக்கட்டையில் செதுக்கினார். வேறொருவர் கட்டையில் மை பூசி அச்சடித்தார். கடைசியில் எங்கோ ஒரு பட்டறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் தூரிகையால் நிறம் தீட்டினார்கள். நிறம் தீட்டியவர் அந்தப் பறவையை வாழ்நாளில் கண்டிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. ஸ்ரூடியோவிலும் மணமக்களை ஒருவர் படமெடுப்பார், நான் கழுவுவேன், இன்னொரு பெண் முகத்தில் உள்ள பருக்களை அழிப்பாள். அவளும் நானும் எந்தக் கலியாணத்துக்கும் போனதில்லை.

கட்டையில் செதுக்கியதை அச்சடித்தால் இடம் வலமாகிவிடும். அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம். ஒருமுறை படச்சுருளைப் புறம் மாற்றிப் போட்டு ஒரு முழு அல்பத்தையும் கழுவிவிட்டேன். சேலைத் தலைப்பு எல்லாப் பெண்களுக்கும் வலத்தோளில் கிடந்தது. மணமகளின் தாய் கடைக்கு வந்து, இது என்ன எங்கட சனமோ என்று கேட்டார். பறவைகளுக்குச் சேலை இல்லை. அதனால் எந்தப் பறவை உண்மையில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

படமெடுக்க எடுக்க எனக்கு வேறொன்று புலப்பட்டது. அந்தப் பறவைகளில் பாதிக்கு மேல் செத்தவை. எல்லாவற்றையும் நிற்பதுபோலத்தான் வரைந்திருந்தார்கள். காலடியில் கொஞ்சம் புல்லும் ஒரு கல்லும்கூட இருந்தன. ஆனாலும் சில பறவைகளின் கழுத்து, தானே தலையைத் தாங்குகிற கழுத்தாக இல்லை. கால்விரல்கள் நிலத்தைப் பற்றவில்லை. கண் திறந்திருந்தது, பார்க்கவில்லை. செத்தவீட்டுப் படங்கள் ஆயிரக்கணக்கில் கழுவியவள் நான். பெட்டிக்குள் கிடப்பவருக்கு எவ்வளவு பவுடர் பூசினாலும் படத்தில் அது தெரியும். வேட்டைக்காரர் கொண்டுவந்து போட்ட பறவையை மேசையில் கிடத்தி வரைந்துவிட்டு, பிறகு நிமிர்த்தி நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து பக்கம் திருப்பும்போதெல்லாம், இது உயிரோடிருந்தது, இது செத்தது என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டே போனேன். நேரம் போக அது உதவியது.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். அன்றைக்குரிய பக்கங்களில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. முடித்துவிட்டால் திங்கட்கிழமை புதிய பகுதியில் தொடங்கலாம் என்ற அவசரத்தில் இருந்தேன். வலப்பக்கத்தில் எழுத்து மட்டும் இருந்த ஒரு தாள் வந்தது. எழுத்துகளுக்குப் பின்னால், மண்ணிறத்தில், ஒரு பறவையின் நிழல். நீண்ட வால், வளைந்த சொண்டு. தாளின் மறுபக்கத்தில் தீட்டிய நிறம் ஊறி வந்திருக்கிறது என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் தந்த அறிவுறுத்தல் பட்டியலில், பச்சை நிறத்துக்குப் பின்னால் தாள் கருகியதுபோல் தெரிந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை நான் வாசித்திருந்தேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். நினைவுக்கு வந்தது. தாண்டிப் போனேன்.

எழுத்துப் பக்கத்தைப் படமெடுத்தேன். தாளைத் திருப்பினேன். காய்ந்த இலையை விரலிடையில் நொறுக்குவதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தாள் இடப்பக்கம் போய் விழுந்தபோது அதில் ஒரு கிளி இருந்தது. கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள பச்சைக்கிளி. அதன் இறகின் நடுவில், பெருவிரல் நகம் அளவுக்கு, ஓட்டை. அந்தத் துண்டு தொட்டிலின் பள்ளத்தில் கிடந்தது.

அறையில் வேறு ஒருவரும் இல்லை. நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. கமராவில் பதிந்த நேரங்களைப் பிறகு பார்த்தபோது, எழுத்துப் பக்கத்துக்கும் கிளிப் பக்கத்துக்கும் இடையில் இருபத்திரண்டு நிமிடங்கள் இருந்தன. அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் நான் யோசித்தவை உயர்ந்த விஷயங்கள் அல்ல. என் ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. புதுப்பிப்பார்கள் என்று தலைவர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். ஐம்பது வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்?

ஒரு மெல்லிய தாள் கீற்றை அடியில் செலுத்தி அந்தத் துண்டைத் தூக்கினேன். ஓட்டைக்குள் வைத்தேன். அது சரியாகப் பொருந்தியது. இறகின் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. கண்ணாடியை மெதுவாக இறக்கியதும் துண்டு அசையாமல் நின்றது. மிதியை அழுத்தினேன். கணினியில் பார்த்தபோது, ஒரு குறையும் இல்லாத முழுக் கிளி. என் கைத்திறன் எனக்கே வியப்பாக இருந்தது. பிறகு கண்ணாடியை உயர்த்தி, துண்டு இருந்த இடத்திலேயே இருக்க, புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வாசலில் பை பார்க்கும் காவலாளி மட்டக்களப்புப் பக்கத்து மனிதர். என்னைவிடப் பத்து வயது கூட. நான் அண்ணை என்பேன், அவர் தங்கச்சி என்பார். அன்றைக்குப் பையைத் திறந்து காட்டியபோது, ஏன் முகம் வாடிக்கிடக்கு என்று கேட்டார். தலையிடி என்றேன். பையில் சாப்பாட்டுப் பெட்டியும் குடையும்தான் இருந்தன. போகச் சொன்னார்.

நடுநகரின் யூனியன் ஸ்டேஷனிலிருந்து மில்லிக்கன் போகும் ரெயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தொலைபேசியை எடுக்கக் கையை உயர்த்தினேன். கம்பளிச் சட்டையின் கைவிளிம்பில், நூலிழைகளுக்கு இடையில், ஏதோ பச்சையாக ஒட்டியிருந்தது. எள்ளளவு. அது எங்கிருந்து வந்தது என்று விளங்க எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. துண்டு கழன்றபோது சிதறியது. நூலகத்துச் சொத்தில் ஒரு பங்கை நான் சட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதுவரை, நடந்ததைச் சொல்லாமல் விட்டதாகத்தான் என்னைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எள்ளளவு பச்சையைக் கண்டதும் அந்தச் சொல் போதாது என்று பட்டது. கையை மடியில் வைத்து, மற்றக் கையால் மூடிக்கொண்டு, ஸ்டேஷன் வரும்வரை அசையாமல் இருந்தேன்.

என் கணவர் ஒஷாவாவில் வேலை. பகல் முறை முடிந்து வரும்போது ஸ்டேஷனில் என்னை ஏற்றிக்கொள்வார். காரில் ஏறியதும் சொல்லிவிட்டேன். அவர் ஸ்டீல்ஸ் வீதியில் திரும்பினார். இரண்டு சிக்னல் தாண்டியதும் கேட்டார்.

“நானூறு, ஐந்நூறு வருசத்துப் புத்தகம். அது உம்மட கையிலதான் கிழிஞ்சதெண்டு ஆர் கண்டது?”

“நான் கண்டனான்.”

“சொன்னா உம்மை வைச்சிருப்பாங்களோ?”

“தெரியாது.”

“அப்ப பேசாமல் இரும். அது தானாக் கிழிஞ்சதெண்டு ஆரும் ஒருநாள் கண்டுபிடிப்பினம்.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. வீட்டுக் கடனும் மகளின் படிப்பும் அவருடைய தலையில் இருந்தன. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, மகளின் பழைய தோட்டுப் பெட்டி ஒன்றை எடுத்து, ஊசிமுனையால் அந்தப் பச்சைத் துகளை அதற்குள் தட்டினேன். உள்ளே வெள்ளைப் பஞ்சு இருந்தது. அதன்மேல் அது கிடந்தது.

சனியும் ஞாயிறும் வழமைபோல் போயின. ஞாயிறு பூசைக்குப் போனோம். பாவசங்கீர்த்தனம் செய்ய நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். நானும் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். சுவாமியாரிடம் சொன்னால் அவர் மன்னித்துவிடுவார். ஆனால் அது அவருடைய புத்தகம் அல்ல.

திங்கட்கிழமை கோட்டைக் கழற்றாமலே கீழ்த்தளத்துக்குப் போனேன். பழுதான புத்தகங்களைச் செப்பனிடும் அம்மா அங்கே இருப்பார். அறுபதை நெருங்கியவர், அரைக் கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதுவரை அவரோடு நான் பேசியது காலை வணக்கம் மட்டும். தோட்டுப் பெட்டியை அவருடைய மேசையில் வைத்து, வெள்ளிக்கிழமை நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மண்ணிற நிழலைக் கண்டும் நிறுத்தாததையும், துண்டைப் பொருத்திப் படமெடுத்ததையும், மூடி வைத்ததையும் சொன்னேன். என் ஆங்கிலம் பதற்றத்தில் குழறும். அன்றைக்குக் குழறவில்லை. ரெயிலில் அத்தனை முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவர் எழுந்து என்னோடு மேலே வந்தார். அலுமாரியைத் திறந்து புத்தகத்தைத் தொட்டிலில் வைத்தேன். பக்கத்தை அவர்தான் திறந்தார், அடியில் ஒரு மெல்லிய அட்டையைச் செலுத்தி. நான் வைத்துவிட்டுப் போன துண்டு மூன்றாக உடைந்திருந்தது. ஒன்று கிளியின் வாலுக்குக் கீழே நகர்ந்து கிடந்தது. மிச்சம் பச்சைத் தூள்.

அவர் கோபப்படவில்லை. அதைத் தாங்குவது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியை மூக்கில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே, தாள் கழன்றது உன் கையால் அல்ல, இந்த நிறத்தால் என்றார். செம்பைப் புளித்த காடியின் ஆவியில் வைத்தால் அதில் ஒரு பச்சை பூக்கும். அதைச் சுரண்டித் தீட்டியிருக்கிறார்கள். அது வருடக்கணக்காகத் தாளைத் தின்கிறது என்று விளக்கினார். எனக்கு உடனே விளங்கியது. களிம்பு. புளி போட்டுத் துலக்காத செம்புக் குடத்தில் பிடிப்பது. யார் திருப்பியிருந்தாலும் அது ஒருநாள் விழுந்திருக்கும் என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, ஆனால் வெள்ளிக்கிழமையே என்னைக் கூப்பிட்டிருந்தால் ஒரு துண்டாக இருந்திருக்கும், இப்போது மூன்று என்றார். இன்றுவரை எனக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் தீர்ப்புச் சொன்னதில்லை.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். என் பணிக் கோவையில் ஒரு குறிப்பு எழுதினார்; நான் வாசித்துக் கையெழுத்திட்டேன். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தோட்டுப் பெட்டியில் இருந்த துகளை இனித் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் அதைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். செம்புதான் என்று உறுதியாயிற்று. புத்தகத்தின் மிச்சப் பக்கங்களை நானும் செப்பனிடும் அம்மாவும் சேர்ந்தே திருப்ப வேண்டும் என்று முடிவானது.

அப்படியாக மூன்று வாரங்கள் நாங்கள் இருவரும் அந்த அறையில் இருந்தோம். நான் கண்ணாடியைத் தூக்க, அவர் தாளுக்கு அடியில் அட்டையைச் செலுத்துவார். தாள் அட்டையோடு சேர்ந்து திரும்பும். பச்சை உள்ள பறவை வந்தால் பேச்சு நின்றுவிடும். மற்றப் பறவைகளுக்குப் பேசுவோம். எது செத்தது, எது உயிரோடிருந்தது என்று நான் பிரிப்பதை அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு அவரும் பிரிக்கத் தொடங்கினார். ஒரு உள்ளான் குருவி விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. கிளி உயிரோடிருந்தது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. பாரத்தை ஒரு காலில் போட்டு, தன்னை வரைகிறவரைப் பக்கவாட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் அதன் கால்கள் பிழை என்று நான் சொன்னேன். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று என்று வரைந்திருந்தார்கள். கிளிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. எப்படித் தெரியும் என்று கேட்டார். மன்னாரில் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது, என் தோளில் ஏறி நிற்கும், நகம் எங்கே எங்கே குத்தும் என்று தெரியும் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் நம்பினாரா என்று தெரியவில்லை. ஒருவருடைய தோள் ஞாபகத்தை ஆதாரமாக எடுக்க முடியாதுதானே.

அதே வாரத்தில் ஒருநாள் காலை, கிளியின் கால் கதையை என்னிடம் ஏற்கனவே கேட்டிருந்த அண்ணை வாசலில் என்னை நிறுத்தினார். அது பறவைகள் தெற்கே போகும் காலம். நூலகத்தின் புதிய பகுதி முழுக்கக் கண்ணாடி. விடிவதற்கு முன் அதில் மோதி விழும். சேகரிக்கிற தொண்டர்கள் வரும்வரை அவர் அவற்றைப் பொறுக்கிக் கடதாசிப் பைகளில் போட்டு வைப்பார். இது நான் அறியாத செய்தி.

“புத்தகத்தில இருக்கிறதத்தானே பாக்கிறீங்க தங்கச்சி,” என்றார். “இதையும் ஒருக்காப் பாருங்க.”

பையைத் திறந்து காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக, நெற்றியில் சிவப்போடு, ஒரு சின்ன மரங்கொத்தி. கழுத்து புத்தகத்தில் பார்த்த அதே கழுத்து. பாரமில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. நான் கால்களைப் பார்த்தேன். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு.

இதைக் கொஞ்ச நேரம் தர முடியுமா என்று கேட்டுப் பையோடு உள்ளே நுழையப் போனேன். அண்ணை மறித்தார். செத்த பறவையில் பூச்சி இருக்கும், பூச்சி புத்தகத்துக்குப் போகும், பறவையை உள்ளே விட அவருக்கு அனுமதி இல்லை. அதனால் செப்பனிடும் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு வெளியே வரச் சொன்னேன். அவர் கோட்டுமில்லாமல் வந்தார். மூன்று பேரும் படிக்கட்டில் நின்று அந்தக் கால்களைப் பார்த்தோம். கிளிக்கும் இப்படித்தான் என்றேன். அவர் ஒரு பென்சிலால் விரல்களை மெல்ல விலக்கி, நீண்ட நேரம் பார்த்தார்.

“அப்ப அந்தாள் கிளியைக் கண்டவர், காலைக் காணயில்ல போல,” என்றார் அண்ணை, தமிழில். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். செப்பனிடும் அம்மா, இருக்கலாம் என்றார். கிளி கிளையில் நிற்கும்போது விரல்கள் மறைந்திருந்திருக்கும். பிறகு வேறொரு பறவையின் காலைக் கடன் வாங்கி வரைந்திருப்பார் என்று விளக்கினார். அவர் உள்ளே போனதும் தன் குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதியதைக் கண்டேன். என் பெயரையும் எழுதியிருந்தார்.

படங்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடும் நேரம் வந்தபோது கிளிப் பக்கம் பிரச்சினையானது. எங்களிடம் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று நான் வெள்ளிக்கிழமை எடுத்த முழுக் கிளி. மற்றது, மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டிச் செப்பனிட்டபின் எடுத்தது. அதில் மூன்று துண்டுகளும் இருந்தன, தூளாய்ப் போன இடத்தில் ஓட்டையும் இருந்தது. முழுக் கிளியை மட்டும் போட்டால் போதும், பார்க்கிறவர்களைக் குழப்ப வேண்டாம் என்று தலைவர் நினைத்தார். அது பொய்ப்படம், புத்தகம் இப்போது எப்படி இருக்கிறதோ அதைத்தான் காட்ட வேண்டும் என்றார் செப்பனிடும் அம்மா. இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டையும் போடுங்கள் என்றேன். அந்த நிறம் இனி வேறெங்கும் முழுதாக இல்லை, அந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதை எறிந்துவிட்டால் கிளிக்கு இரண்டாம் தரமும் நான் கெடுதி செய்ததாகிவிடும். ஆனால் அதை எப்படி எடுத்தேன் என்று கீழே எழுத வேண்டும். சொல்லாமல் போட்டால் வெள்ளிக்கிழமை நான் செய்ததை எல்லோரும் சேர்ந்து இன்னொரு முறை செய்வதாகிவிடும். இவ்வளவையும் சொன்ன பிறகு என் காது சூடாக இருந்தது. தலைவர், குறிப்பை நீயே எழுது என்றார்.

இரண்டு வரிக் குறிப்பு. எழுத ஒரு பின்னேரம் முழுவதும் போனது. துண்டு கழன்றது, பிறகு பொருத்தப்பட்டது என்று முதலில் எழுதினேன். ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் செய்தவர் ஒருவருமே இருக்க மாட்டார். அதை வெட்டினேன். படமெடுத்தவர் தாளைத் திருப்பும்போது துண்டு கழன்றது; அவரே அதைப் பொருத்திப் படமெடுத்தார்; செப்பனிடுபவருக்கு மூன்று நாள் கழித்தே அறிவித்தார் என்று எழுதிக் கொடுத்தேன். கடைசிப் பகுதி தேவையில்லை என்று தலைவர் நீக்கினார். மற்றது இன்னும் இருக்கிறது.

படங்கள் இணையத்தில் வந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் தன் தொலைபேசியில் அதைத் தேடி எடுத்தாள். இரண்டு படங்களையும் பெரிதாக்கி மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, ஜொயின் பண்ணின லைனே தெரியேல்ல. யூ ஆர் குட்.”

“அதுதான் பிரச்சினை,” என்றார் என் கணவர். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைத்திருக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, ஜனவரிக்குப் பிறகு பக்கத்து மார்க்கம் நகரில் வேலை தேடிப் பார்க்கலாம், அங்கே அலுவலகங்கள் நிறைய இருக்கு என்று சொன்னார். காரில் சொன்னதைப் பற்றி அவரும் நானும் பிறகு ஒருபோதும் பேசவில்லை.

ஒப்பந்தத்தை ஜனவரியில் மூன்று மாதங்களுக்கு மட்டும் நீட்டினார்கள். ஏப்ரலில் முடிந்தது. பிரிவுக்கு வந்த நிதி நின்றுவிட்டது, கிளிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தலைவர் சொன்னார். இருக்கலாம். கடைசி நாளில் செப்பனிடும் அம்மா கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டுத் தேநீர் தந்தார்.

இப்போது மார்க்கத்தில் ஒரு அலுவலகத்தில் பழைய மருத்துவக் கோவைகளை ஸ்கான் செய்கிறேன். தாள்களை இயந்திரமே இழுத்துக்கொள்ளும். நான் திருப்ப வேண்டியதில்லை. காரில் போய் வருகிறேன்.

சென்ற மாதம் செப்பனிடும் அம்மாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் குறிப்பை வாசித்த வேறொரு நாட்டு நூலகம், தங்களிடமும் அதே புத்தகத்தின் ஒரு பிரதி இருப்பதாகச் சொல்லி, தங்கள் கிளியைப் படமெடுத்து அனுப்பியிருந்தது. மதிய இடைவேளையில் காரில் இருந்தபடி திறந்து பார்த்தேன். அதே கட்டையில் அச்சடித்த அதே கிளி. அந்தப் பிரதிக்கு நிறம் தீட்டியவர் அதைத் தலையிலிருந்து வால்வரை மஞ்சளாக்கி, கழுத்து வளையத்தை நீலமாக்கியிருந்தார். செம்புப் பச்சை ஒரு பொட்டும் இல்லை. தாளில் கறையில்லை, ஓட்டையில்லை, நேற்று அச்சடித்ததுபோல் இருந்தது.

மிக நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் நான் வளர்ந்த ஊரில் அப்படியொரு கிளி இல்லை என்று பதில் எழுதினேன். இன்னொரு வரி எழுதலாம் என்று யோசித்தேன். இடைவேளை முடிந்துவிட்டது. அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.